பலகையின் மறுமுனை

பலகையின் முன்முனை உருளைக்கு அடியில் நுழைந்த உடனேயே, ஆழம் கூடிப்போயிற்று என்று கணபதிக்குத் தெரிந்துவிட்டது. மெஷினின் சத்தம் சட்டென்று இறங்கி, மேட்டில் திணறும் லொறியைப்போல முனகியது. விடாமல் தள்ளிக்கொண்டே போயிருக்க வேண்டும். அவன் கை பயந்து நின்றுவிட்டது. ஒரு நொடிதான். சுழன்றுகொண்டிருந்த உருளை நின்ற இடத்திலேயே மரத்தைத் தின்றது. தீய்ந்த வாசனை வந்தது. பலகையை உருவி எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். குறுக்கே விரல் அகலத்தில் ஒரு பள்ளமும் அதன் விளிம்பில் கறுப்பாக ஒரு கோடும் இருந்தன.

அது அவன் அண்ணனுடைய சவப்பெட்டிக்கான பக்கப் பலகை.

யாகூப் கிட்டே வந்து பார்த்தார். இந்தத் தச்சுப் பட்டறையில் பதினைந்து வருடமாகப் பொருத்து வேலை செய்கிற ஓடாவி அவர். உளியும் கைவாளும் அவர் சொன்னபடி கேட்கும். ஆனால் வலது தோள் பழுதாகிப்போனதால் பலகை தள்ள முடியாது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மூன்று மணிக்கு மின்வெட்டு என்பதை மட்டும் ஞாபகப்படுத்தினார். அப்போது ஒன்றேகால்.

முத்துவீரன் அன்று விடியற்காலை ஐந்தரைக்கு இறந்திருந்தார். இருதயம் வீங்கி, கால் வீங்கி, இரண்டு வருடமாக மாத்தளை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தவர். மனைவி காத்தாயி கரண்டியால் ஊட்டிய பிளேன்டீயில் முதல் மிடறை விழுங்கினார். இரண்டாவது மிடறு வாயோரமாக வழிந்தது. தம்புள்ளைச் சந்தையில் போஞ்சி மூட்டை நிறுத்துக்கொண்டிருந்த கணபதிக்கு ஏழு மணிக்குக் கடை முதலாளியின் ஃபோனில் செய்தி வந்தது. அண்ணனுக்குப் பிள்ளைகள் இல்லை. கொள்ளிக்குடம் தூக்க வேண்டியவன் தம்பிதான். அவனோ ஆறு வருடமாக இந்த வீட்டுப் படியை மிதிக்காதவன்.

பஸ் எங்கும் நிற்காமல் வந்தது. இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு சித்திரை மாதம் அது. சண்டை நின்று, யாழ்ப்பாணப் பாதை திறந்து, எதிரே தலைக்கு மேல் மூட்டை கட்டிய வான்கள் வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. நாலந்தாவில் முன்பு எல்லாரையும் இறக்கி, அடையாள அட்டை பார்த்து, தமிழர்களைத் தனியாக நிறுத்திவைக்கும் இடத்தில் மண்மூட்டைகள் மட்டும் கிழிந்து கிடந்தன. ஒரு மாடு அவற்றின்மேல் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. கணபதி ஜன்னலோரம் இருந்தபடி மனதுக்குள் எல்லாவற்றையும் தீர்மானித்துக்கொண்டு வந்தான். காரியம் முடிய வேண்டும். மெஷினை மாத்தளையில் மேசை நாற்காலி விற்கும் தளபாடக்கடை வைத்திருக்கிற நுஹ்மான் முதலாளியிடம் கொடுத்துவிட வேண்டும். அண்ணியைத் தம்புள்ளைக்கு அழைத்துப்போய்த் தன் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.

யட்டவத்த வீதியில் இறங்கி வீட்டுக்கு வந்தபோது, தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்திருந்த தொழிற்சங்கத் தலைவர் மாணிக்கவாசகம் பெட்டி விசயமாகப் பேசிக்கொண்டிருந்தார். மாத்தளையில் சவப்பெட்டி விற்கிற ஒரு மலர்ச்சாலையில் நல்ல பெட்டி பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னார். கணபதி யோசிக்காமல் குறுக்கிட்டுவிட்டான். அண்ணனுக்கு வேறு இடத்துப் பெட்டி வேண்டாம், பட்டறையிலேயே செய்வோம் என்றான்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. எழுபத்துநாலாம் ஆண்டு, தோட்டத்தில் மாவுக்கும் அரிசிக்கும் வழியில்லாத காலத்தில், அவர்களுடைய அப்பா இறந்தார். தோட்டத்து நிர்வாகம் கொடுத்த பெட்டி வாளால் அறுத்த பலகையை அப்படியே ஆணியடித்தது. தோள் கொடுத்த முத்துவீரனின் கழுத்தில் ஒரு சிராய் ஏறி, ஒரு மாதம் சீழ் வைத்தது. முத்துவீரனுக்கு அப்போது முப்பது வயது, கணபதிக்குப் பதினெட்டு. அதற்குப் பிறகுதான் அண்ணன் கொழுந்துக் கூடையை வைத்துவிட்டுத் தச்சுவேலைக்குப் போனார். சொந்தப் பட்டறை போட்டபின் சுற்றுத் தோட்டங்களுக்கெல்லாம் பெட்டி செய்து கொடுத்தார். அவர் பெட்டியில் கை வைத்தவனுக்குச் சிராய் ஏறியதில்லை.

அந்த மெஷினையும் அவரேதான் உண்டாக்கினார். மூடிப்போன தேயிலை ஃபெக்டரி ஒன்றில் கொழுந்து வாட்டும் விசிறியின் இரும்புத் தண்டு கிடைத்தது. அதில் வட்ட வட்டமாக மரத்துண்டுகளைக் கோத்து, இரண்டடி நீள உருளையாக்கி, கடைந்து, சாண்ட்பேப்பரைச் சுற்றினார். கீழே ஒரு மேடை. மேடையை ஏற்றி இறக்க ஒரு திருகு. ஒருவர் இந்தப் பக்கமிருந்து பலகையைத் தள்ள வேண்டும், மற்றவர் அந்தப் பக்கம் வாங்க வேண்டும். கையால் ஒரு நாள் தேய்க்கிற பலகை பத்து நிமிடத்தில் கண்ணாடியாக வரும். வந்தால் வரும். இல்லாவிட்டால் இப்படிப் பள்ளம் விழும்.

பள்ளம் கணபதிக்குப் புதிதல்ல. தொண்ணூற்றாறில் நுஹ்மான் முதலாளி வீட்டுக்குப் பதினாறு பலாக் கதவுப் பலகைகள் போட்டார்கள். கணபதி தள்ளினான், அண்ணன் வாங்கினார். எல்லாவற்றிலும் கடைசி ஒரு சாண் தூரத்தில் குறுக்கே பள்ளம் விழுந்திருந்தது. முத்துவீரன் நுஹ்மானை வைத்துக்கொண்டே, தம்பியின் கை சரியில்லை, இனிமேல் அவனை மெஷின் பக்கம் விடப்போவதில்லை என்று சொன்னார். கணபதி பட்டறையை விட்டு இறங்கினான். அடுத்த கிழமை தம்புள்ளைக்குப் போய் மூட்டை தூக்கினான். பிறகு தராசுக்கு உயர்ந்தான். மரத்தைத் தொடவே இல்லை.

இன்று தொட்டான், அதே கதிதான். திருகைக் கொஞ்சம் தளர்த்தி இன்னொரு பலகையை எடுத்தான். கை வியர்த்திருந்தது. யாகூப் அவனை நிறுத்துவதற்காக வாயைத் திறந்தபோது பின்வாசலில் காத்தாயி நின்றாள்.

ஐந்தரை மணியிலிருந்து புருசனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள். ஐம்பது வயது. முடி அவிழ்ந்து தோளில் கிடந்தது. அழுது அழுது முகம் உப்பியிருந்தது. கணபதி கையிலிருந்த பலகையை வாங்கி ஓரமாக வைத்தாள். கெட்டுப்போன பலகையை எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அதன் நீளத்துக்கும் பார்வையை ஓடவிட்டாள்.

"இது அடிப்பலகைக்கு ஆகும்" என்றாள். "கீழ வர்ற பக்கத்த யாரு பாக்கப் போறா."

பிறகு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

கணபதி, நீங்கள் உள்ளே போங்கள், ஆள்கள் பார்க்கிறார்கள் என்று தணிந்த குரலில் சொன்னான். அவள் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. மெஷினை நிறுத்தி, உருளையைக் கையால் மெல்லத் திருப்பிச் சாண்ட்பேப்பரைப் பார்த்தாள். கரிந்த மரத்தூள் பேப்பரில் கோடாக ஒட்டியிருந்தது. ஜன்னல் விளிம்பிலிருந்து ஒரு கிரேப் ரப்பர் துண்டை எடுத்தாள். பக்கத்துத் தோட்டத்து ரப்பர் ஃபெக்டரியில் கழித்துப் போட்டது. மெஷினை ஓடவிட்டு ரப்பரை உருளையில் லேசாக ஒற்றினாள். ஒட்டியிருந்த தூள் உருண்டை உருண்டையாக உதிர்ந்தது. பேப்பர் மறுபடி பழைய நிறத்துக்கு வந்தது.

அப்போதுதான் தலைவர் மாணிக்கவாசகம் வந்தார். அவருக்குப் பின்னால் தோட்டத்து ஆள்கள் நாலைந்து பேர். தலைவர் கெட்டவர் அல்ல. அந்தத் தோட்டத்தில் யார் செத்தாலும் முதல் ஆளாக வந்து நிற்கிறவர். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது என்று நம்புகிறவர். கணபதியைப் பார்த்துத்தான் பேசினார்.

"வீட்டுல பொணம் கெடக்கு. பொஞ்சாதி இங்க மெசினுக்கிட்ட நிக்கிறா. இது நம்ம மொறையா கணபதி? நீ சொல்லக்கூடாதா?"

காத்தாயி நிமிரவில்லை. அடுத்த பலகையை மேடையில் கிடத்தி, ஜன்னல் விளிம்பில் கிடந்த பென்சிலால் அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கிறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கை மட்டும் ஒரு கணம் நின்றதைக் கணபதி கண்டான்.

சற்று முன்பு அவனும் அதையேதான் சொன்னான். இப்போது அந்தச் சொற்கள் இன்னொருவர் வாயிலிருந்து வரும்போது வேறு மாதிரிக் கேட்டன. அவன் தலைவரைப் பார்த்தான், கெட்டுப்போன பலகையைப் பார்த்தான்.

"நான் ஒண்ணு போட்டேன் தலைவரே, வீணாப்போச்சு" என்றான். "அண்ணி நின்னாத்தான் அண்ணனுக்குப் பெட்டி. இல்லேன்னா மலர்ச்சாலப் பெட்டிதான்."

தலைவரும் கெட்டுப்போன பலகையைப் பார்த்தார். பிறகு கூட வந்தவர்களை, பந்தலுக்குக் கம்பு நடவில்லையே என்று அதட்டி அழைத்துக்கொண்டு போனார்.

காத்தாயி பென்சிலைக் காதில் செருகினாள்.

"அந்தப் பக்கம் போயி நில்லுங்க தம்பி."

அவன் போய் நின்றான்.

அவள் திருகை மிகக் கொஞ்சமாகத் திருப்பினாள். கால் சுற்றுக்கூட இல்லை. கணபதிக்கு அது போதாது என்று பட்டது. பலகையை நேராக வைக்காமல் சற்றே சாய்வாக வைத்து, உள்ளே விட்டாள். சத்தம் இறங்கவில்லை. ஒரே சீராக, தேனீக்கூட்டின் இரைச்சல்போல ஓடியது. அவள் வேகமாகவும் தள்ளவில்லை, நிறுத்தவும் இல்லை. கண் பலகையில் இல்லை; தலையைச் சாய்த்து, காதால்தான் தள்ளினாள். கல்யாணத்துக்கு முன் தேயிலை ஃபெக்டரியில் சல்லடை மெஷினுக்குப் பக்கத்தில் எட்டு வருடம் நின்றவள் அவள். இரைச்சலுக்குள் எது சரி, எது பிசகு என்று பிரித்துக் கேட்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. முத்துவீரனுக்குக் கால் வீங்கியபின் தள்ளும் வேலை அவள் கைக்கு வந்திருந்தது.

பலகையின் முனை கணபதியின் பக்கம் வந்தது. வாங்கினான்.

"தூக்கியே பிடிங்க. முன்முன கீழ தொங்குனா வால் மேல கெளம்பிரும். கடைசி வரைக்கும் மட்டமா."

வாலும் வெளியே வந்தது. அவள் குனிந்து பார்த்தாள். பென்சில் கோடுகள் சில இடத்தில் அழிந்து, சில இடத்தில் அப்படியே இருந்தன. கோடு இருக்கிற இடம் இன்னும் பள்ளம் என்று அர்த்தம். திருகைத் தொடாமல் அதே பலகையை மறுபடி விட்டாள். பிறகு முடியளவு திருகினாள். மறுபடி. நான்காவது தடவை கோடு ஒன்றுகூட இல்லை. கணபதி பலகையின் கடைசி ஒரு சாண் தூரத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவினான். பள்ளம் இல்லை. மறுபடியும் தடவினான்.

இரண்டேகாலுக்குள் ஆறு பலகைக்கும் முரட்டுப் பேப்பர் வேலை முடிந்தது. இனி மெல்லிய பேப்பர். காத்தாயி மெஷினை நிறுத்தி, பழையதைக் கழற்றி, புதிய நாடாவை உருளையின் ஒரு நுனியில் மாட்டினாள். கணபதி மறுநுனியைப் பிடித்து இழுவையாக வைத்துக்கொள்ள, அவள் உருளையைத் திருப்பித் திருப்பிச் சுற்றினாள். பட்டறை திடீரென்று அமைதியாக இருந்தது. முன்பக்கம் பெண்கள் ஒப்பாரி வைக்கும் சத்தம் கேட்டது. யாகூப் தலைமாட்டுப் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வெளிச்சத்துக்குப் போனார். போக வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"தம்பி" என்றாள் காத்தாயி. உருளையைப் பார்த்தபடிதான். "அந்தக் கதவுப் பலக பதினாறும் ஒங்க தப்பில்ல."

கணபதி நாடாவின் பிடியைச் சரிசெய்துகொண்டான்.

அவள் மெல்ல, நடுநடுவே நிறுத்தி, பேப்பரின் விளிம்பு விளிம்பின்மேல் ஏறாமல் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவன் போன பிறகு வாங்குகிற பக்கம் அவளை நிற்கவைத்தார் முத்துவீரன். அவள் தூக்கிப் பிடித்தால் பள்ளம் விழவில்லை. ஒரு நாள் அடுப்பில் ஏதோ தீய்கிற வாசனைக்கு அவள் திரும்பிப் பார்த்தாள், கை தாழ்ந்தது, அதே இடத்தில், அதே பள்ளம். முத்துவீரன் மெஷினை நிறுத்தினார். பலகையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அன்று அதற்குமேல் வேலை நடக்கவில்லை. கதவு போட்ட நாளில் அவர் ஒரு கையால் வாங்கிக்கொண்டு, நுஹ்மான் முதலாளியோடு பேசிக்கொண்டு நின்றது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"ஒங்களப் பாக்க ரெண்டு தடவ கெளம்புனாரு. சட்டையெல்லாம் மாத்திக்கிட்டு. ரெண்டு தடவையும் மத்தியானத்துக்கே திரும்பிட்டாரு. செக்பொயின்ட்ல எறக்கிட்டாங்க, நேரமாயிருச்சுன்னு சொன்னாரு. நானும் சரின்னேன்."

நாடா கடைசிச் சுற்றுக்கு வந்தது.

"போன வியாழக்கெழமதான் வாயத் தொறந்தாரு. 'ஆமிக்காரன் என்னை விட்டுட்டான் காத்தாயி. நானாத்தான் எறங்குனேன். நாலந்தா வரைக்குந்தான் என்னால போக முடிஞ்சிச்சு. மிச்சத்த நீ சொல்லிரு'ன்னாரு."

கணபதி நாடாவை இன்னும் இறுக்கி இழுத்தான். அவளுக்கும் அது தெரிந்திருக்கும். மறுநுனி அவள் கையில்தான் இருந்தது.

"கிளிப்ப எங்க மாட்டுறது?"

அவள் காட்டினாள். மாட்டினான்.

மெல்லிய பேப்பரில் பலகைகள் வேறு முகம் எடுத்தன. சப்பு என்கிற செண்பக மரத்தின் ரேகை, தண்ணீரில் நனைத்ததுபோலத் துலங்கி வந்தது. அவள் தள்ள, அவன் வாங்கினான். வாங்கியதைச் சுமந்து மறுபடி அவளிடம் கொண்டுவந்தான். ஒவ்வொரு தடவையும் பலகையை உருளையின் வேறொரு பகுதியில் விட்டாள், பேப்பர் ஒரே இடத்தில் தேயாமலிருக்க. அதைக்கூட அவள் சொல்லவில்லை, அவனாகத்தான் கவனித்தான்.

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மூடிப் பலகை மட்டும் மிச்சமிருந்தது. இருபத்திரண்டு அங்குல அகலம், ஒரே பலகை. அந்த அகலத்தில் பட்டறையில் வேறு கிடையாது. கரண்ட் வெட்டுகிறவன் எப்போதும் கடிகாரம் பார்த்து வெட்டுவதில்லை. சில நாள் முந்தியே போய்விடும். பலகை உருளைக்கு அடியில் இருக்கும்போது போனால் பள்ளம் நிச்சயம். இரண்டு தடவை விட்டாயிற்று. நடுவில் பென்சில் கோடு நிழலாகத் தெரிந்தது.

யாகூப் உள்ளே வந்து, போதும் தங்கச்சி, மிச்சத்தைக் கையால் தேய்த்துக்கொள்ளலாம் என்றார்.

காத்தாயி கோட்டின்மேல் விரலை வைத்தாள். கணபதியைப் பார்த்தாள். அன்று அவள் அவன் முகத்தை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"விடுங்க அண்ணி" என்றான் அவன். "நான் பிடிச்சிக்கிறேன்."

பலகை பாதி வந்திருக்கும். தலைக்கு மேலிருந்த பல்பு மங்கிச் சிவந்தது. உருளையின் இரைச்சல் தாழ்ந்தது. யாகூப் ஏதோ முணுமுணுத்தார். கணபதிக்குப் பலகையைப் பிடித்து இழுத்துவிடலாம்போல இருந்தது. ஒன்றேகால் மணிக் கணபதி இழுத்திருப்பான். காத்தாயி உருளை தாழ்ந்த அளவுக்கே தன் கையையும் தாழ்த்தினாள். நிறுத்தவில்லை. எறும்பு நகர்கிற வேகம். அவனும் அந்த வேகத்துக்கே பின்வாங்கினான். தோள் கடுத்தது. மூட்டை தூக்கிப் பழகிய தோள்தான். பல்பு மெல்லப் பிரகாசமாயிற்று, இரைச்சல் ஏறிற்று, அவள் கை வேகம் கொண்டது. வால் வெளியே வந்து, பலகையின் முழுப் பாரமும் அவன் கைகளில் இறங்கியது.

கோடு இல்லை.

மூன்று மணி ஆயிற்று. மூன்றேகாலும் ஆயிற்று. கரண்ட் போகவில்லை. எதிர்பார்த்து நின்ற மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மலையில் மழை பெய்திருக்கிறது, வெட்டைக் குறைத்திருப்பார்கள் என்று யாகூப் சொன்னார். காத்தாயி போய்த் தானே சுவிட்சை அணைத்தாள். உருளை சுற்றி ஓயும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு முந்தானையை உதறிக்கொண்டு உள்ளே போய், புருசனின் தலைமாட்டில், விட்டுவந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். அவள் முடியெல்லாம் மரத்தூள். பக்கத்திலிருந்த யாகூபின் மனைவி மஸூதா ஒன்றும் கேட்காமல் ஒவ்வொரு துணுக்காக எடுத்துக்கொண்டிருந்தாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பெட்டி தயாராயிற்று.

மறுநாள் காலை நுஹ்மான் முதலாளி வந்தார். நரைத்துப்போயிருந்தார். தொப்பியைக் கழற்றாமல் பெட்டிக்குப் பக்கத்தில் சிறிது நேரம் நின்றார். வியாபாரியின் கை, தானாகவே பெட்டியின் விளிம்பை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவிக்கொண்டு போயிற்று. பிறகு கணபதியை ஓரமாக அழைத்துத் துக்கம் விசாரித்தார். ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் பன்னிரண்டு வாசிகசாலை மேசை செய்ய முத்துவீரனிடம் கொடுத்திருப்பதாகவும், இந்த நேரத்தில் பேசக்கூடாதுதான், ஆனாலும் மெஷினை என்ன செய்யப்போகிறார்கள் என்றும் மெதுவாகக் கேட்டார். பஸ்ஸில் வரும்போது கணபதி மனதுக்குள் தயாராக வைத்திருந்த பதில் ஒன்று இருந்தது. அதை விட்டுவிட்டான்.

"அது அண்ணிக்கிட்ட கேக்கணுங்க" என்றான்.

நுஹ்மான் தலையசைத்தார். பெட்டியைத் திரும்பிப் பார்த்து, "நல்லா வந்திருக்கி. யாரு போட்டது?" என்றார்.

"அண்ணி போட்டாங்க. நான் மறுபக்கம் பிடிச்சேன்."

நுஹ்மான் அவனைக் கொஞ்சம் கூடுதலான நேரம் பார்த்தார். பிறகு அவன் தோளில் கையை வைத்து எடுத்தார்.

தப்பு முழங்க, பெட்டி தோட்டத்து மயானத்துக்கு ஏறியது. முன்னால் கணபதி குடத்தோடு நடந்தான். பாதை செங்குத்து. தோள் மாற்றித் தோள் மாற்றி எட்டுப் பேர் தூக்கினார்கள். தலைவர் மாணிக்கவாசகமும் ஒரு மூலைக்குத் தோள் கொடுத்தார். மிளகுக்கொடி ஏறிய முள்முருங்கை மரங்களுக்கு நடுவில், அப்பாவைப் புதைத்த இடத்துக்குக் கொஞ்சம் மேலே குழி வெட்டியிருந்தது. முதல் பிடி மண்ணைப் போடும்போது கணபதி அண்ணனிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தான். குனிந்து, மண் மூடியின்மேல் சத்தமில்லாமல் விழும்படி, கையைத் தாழ்த்திப் போட்டான்.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்த சாயங்காலம், வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். மஸூதா அனுப்பிய சோற்றைக் காத்தாயி முதல் தடவையாக இரண்டு கவளம் முழுதாகச் சாப்பிட்டாள். கணபதி கை கழுவிவிட்டு வந்து, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், நான் வரும்போது ஒன்று நினைத்துக்கொண்டு வந்தேன் அண்ணி என்றான்.

"தம்புள்ளைக்கு வரச் சொல்லப் போறீங்க" என்றாள் அவள்.

அவன் சிரித்துவிட்டான். சிரித்ததற்காக வெட்கப்பட்டான். அவள் முகத்திலும் எதுவோ அசைந்தது.

அவள் வரவில்லை என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்து மேசை பன்னிரண்டும் செய்ய வேண்டும், அதைச் செய்ய அவளுக்குத் தெரியும், பொருத்துக்கு யாகூப் நானா இருக்கிறார். வாங்குகிற பக்கம் நிற்பதற்கு மஸூதா வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். பழகிக்கொள்வாள். "ஒங்க வீட்டுல வந்து சும்மா ஒக்காந்தா எனக்கு சீக்கு வந்துரும் தம்பி" என்றாள். கணபதியை நிற்கச் சொல்லி அவள் கேட்கவே இல்லை. அவனுக்குத் தம்புள்ளையில் வேலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது என்று அவள் நினைத்திருக்கலாம். அன்று அவன் மெஷின் இருந்த பக்கத்துத் தாழ்வாரத்தில் பாய் போட்டுப் படுத்தான்.

நான்காம் நாள் காலை அவன் பையைக் கட்டிக்கொண்டு தம்புள்ளை பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றபோது, வீட்டு வாசலில் ஒரு லொறி வந்து நின்றது. மரம் அறுத்து விற்கிற மரக்காலையிலிருந்து வந்திருந்தது. பச்சைப் பலாப் பலகை, அன்றுதான் அறுத்தது. முத்துவீரன் படுக்கையில் விழுவதற்கு முன்பே சொல்லிவைத்த மரம் இப்போதுதான் வெட்டப்பட்டிருக்கிறது. சாரதிக்கு விசயம் தெரியாது. தெரிந்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டு, இறக்கவா, திருப்பிக்கொண்டு போகவா என்று சிங்களத்தில் கேட்டான். இறக்கினால் இந்த மரம் காய இன்னும் எட்டு, ஒன்பது மாதம் ஆகும். அதுவரைக்கும் எதற்கும் உதவாது.

காத்தாயி வாசலில் நின்று லொறியைப் பார்த்தாள்.

கணபதி பையைச் சுவரோரமாக வைத்தான். சட்டையைக் கழற்றி அதன்மேல் போட்டான். லொறியின் பின்பலகையை நீக்கி, "பான்ன", இறக்குங்கள் என்று சாரதியிடம் சொல்லிவிட்டு ஏறினான்.

பத்து மணிவரை இறக்கினார்கள். பலகைகள் கனத்தன, மஞ்சள் நிறமும் பிசின் வாசனையுமாக இருந்தன. தாழ்வாரத்தில் கல் வைத்து, நிலம் படாமல் ஒரு வரிசை. அதன்மேல் காற்றுப் போக இடைவிட்டு, மெல்லிய சட்டங்களான ரீப்பைத் துண்டுகள். அதன்மேல் அடுத்த வரிசை. துண்டு தவறிய இடத்தில் பலகை முறுக்கிக்கொள்ளும். காத்தாயி துண்டுகளை எடுத்துக் கொடுக்க, அவன் வைத்துக்கொண்டே போனான். இடையில் ஒரு தடவை சந்திக்குப் போய்க் கடை முதலாளிக்கு ஃபோன் பேசிவிட்டு வந்தான். என்ன பேசினான் என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வரும்போது வெண்கட்டி ஒன்று வாங்கி வந்திருந்தான்.

"தை மாசம் ஆகும், இது காய" என்றாள் காத்தாயி.

"ஆகட்டும்."

வெளியே தூறல் விழத் தொடங்கியது. கணபதி மேல்வரிசைப் பலகையின் முகப்பில் வெண்கட்டியால் அன்றைய தேதியை எழுதினான். பிறகு இரண்டடி பின்னால் நகர்ந்து, அடுக்கை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். நடுவில் ஒரு ரீப்பைத் துண்டு அரை அங்குலம் தள்ளியிருந்தது. குனிந்து, கீழே உள்ள துண்டுக்கு நேராக வரும்வரை, அதை உள்ளங்கையால் மெல்லத் தட்டித் தட்டி உள்ளே நகர்த்தினான்.